சேம்சைடு

ஜூன் 6, 2024

நம்ம கால்பந்து கேப்டன் சேத்ரிக்கு இன்று கடைசி மேட்ச். கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0. நாட்டுக்காக 151 மேட்ச், 94 கோல், கடைசி நாளில் ஒன்றுகூட விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான். எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. நான் ஆட்டத்தை நிறுத்திய நாள் எதுவென்று எனக்கே தெரியாது. ஒரு சாயங்காலம் முட்டி வீங்கியது, பூட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன், அப்புறம் எடுக்கவே இல்லை.

ஜூன் 9

முட்டி ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

ஜூன் 15

நடுராத்திரி பன்னிரண்டரைக்கு யூரோ கால்பந்து ஆரம்பம். ஜெர்மனி 5, ஸ்காட்லாந்து 1. அந்த ஒன்றும் ஜெர்மனிக்காரன் ரூடிகர் தலையில் பட்டு உள்ளே போனதுதான். அப்போது 4-0 என்று இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. சொந்த போஸ்டுக்குள்ளேயே சேம்சைடு போடுவதற்கும் ஒரு ராசி வேண்டும்.

ஜூன் 18

மாடிப்படி பன்னிரண்டு. இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறேன். பேரன் பின்னாலேயே அதேபோல் இறங்கிக் காட்டுகிறான். திட்ட மனசு வரவில்லை.

ஜூன் 21

இத்தாலிக்கு காலாஃபியோரி. மூன்று நாள் முன்னால் ஆஸ்திரியாவுக்கு வோபர். இரண்டு மேட்சும் 1-0, இரண்டுமே சேம்சைடு. ஏங்க, இதையே பார்த்துட்டு ஏன் தூங்காம கெடக்கறீங்க என்கிறாள். எப்படித் தூங்குவது.

1988ல் காந்தி மைதானத்தில் மழை பெய்து முடிந்த சேறு. நான் ஸ்டாப்பர் பேக், போஸ்டுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். ஃபார்வர்டு ஒன்பது பந்தை வெளியே அடித்துவிட்டுப் பத்தாவதை உள்ளே தள்ளினால் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், எங்களுக்குக் கணக்கு நேர் எதிர். பந்து என் காலில். பின்னாலிருந்து எங்கள் கோலி, கோல்கீப்பர், ஒரு சத்தம் கொடுத்தான். எனக்கு "குடுடா" என்று கேட்டது. கொடுத்தேன். அப்போதெல்லாம் பேக் பாஸைக் கோலி கையில் எடுக்கலாம், அந்த ரூலை 1992ல்தான் மாற்றினார்கள். பந்து சேற்றில் வழுக்கிக்கொண்டு போகிறது, அவன் இடது பக்கம் ஏறி வந்துவிட்டான், போஸ்ட் காலி. மேட்ச் முடிந்ததும் சட்டையைப் பிடித்து, "அடிடான்னு கத்துனேன், காது செவிடா?" என்றான். இரண்டு சொல்லிலும் "டா" இருந்தது, அது மட்டும் நிச்சயம். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை கிடைக்கவில்லை. அவனுக்கும்தான்.

ஜூன் 24

மழை. முட்டிக்கு மேகம் கூடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

ஜூன் 27

ஏற்காடு போனேன். பாப்பாவிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் இருபது ஊசிமுனை வளைவுக்கும் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல். அந்தக் கோலி வீட்டு வாசலில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, அதைத்தான் முதலில் காட்டினான். வயசாகிவிட்டது. எனக்கும்தான், ஆனால் அவனுக்கு அதிகம். கை மட்டும் அப்படியே இருக்கிறது, முறம் மாதிரி.

கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவனுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்பதையே இரண்டு தரம் கத்த வேண்டியிருந்தது. மருமகள் எதிரில், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கு குடுன்னியா, அடின்னியா" என்று கத்திக்கொண்டு நிற்கவா? காபி குடித்தேன். அரை கிலோ தூள் கட்டிக்கொடுத்தான். வந்துவிட்டேன்.

ஜூன் 29

அப்ரூவல் வந்துவிட்டது. டாக்டர் படத்தைக் காட்டினார், ஜவ்வு சுத்தமாகத் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது. எத்தனை வருஷம் ஆடினீங்க என்றார். பத்தொன்பது என்றேன். பழைய வீடு வாங்கப்போகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல் முட்டியைத் தட்டினார்.

ஜூலை 2

நேற்று பெல்ஜியம். வெர்டோங்கன் காலில் பட்டு 85வது நிமிஷம், பிரான்ஸ் 1-0. முப்பத்தேழு வயசு ஆள், இனி நாட்டுக்காக ஆட இன்னொரு நாள் கிடைக்கப்போவதில்லை.

காலையில் காலண்டரைக் கிழித்ததும் கை நின்றுவிட்டது. முப்பது வருஷம். 1994 ஜூன் 22ல் கொலம்பியாவின் எஸ்கோபார் அமெரிக்காவோடு ஆடும்போது ஒரு கிராஸைத் தடுக்கச் சறுக்கிக் காலை நீட்டினான், பந்து சொந்த போஸ்டுக்குள் போயிற்று. பத்து நாள் கழித்து, ஜூலை 2ல், மெதஜின் நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். இருபத்தேழு வயசு. நீட்டாமல் விட்டிருந்தால் பின்னால் நின்றவன் அடித்திருப்பானோ என்னவோ. நீட்டத்தான் வேண்டும். ஸ்டாப்பர் நீட்டாமல் என்ன செய்வான்? எனக்குக் கிடைத்ததெல்லாம் வசவுதான். ஐந்து ரோடு டீக்கடையில் ஒரு வருஷம் "வாங்க சேம்சைடு" என்றார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு அவனே போன் செய்தான். காது கேட்காதவன் போனில் எப்படிக் கத்துவான் தெரியுமே. "ராத்திரி பாத்தியாடா? பாவம்டா அந்த ஆளு!" ஆமாம்டா என்றேன். கேட்டிருக்காது.

ஜூலை 5

தட்டுவடை செட் வாங்கி வரச்சொல்லிச் சாப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் கிடைக்காது.

ஜூலை 9

நாளைக்குக் காலை ஆறரைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. ஸ்பெயின்-பிரான்ஸ் பன்னிரண்டரைக்கு. ஸ்பெயினில் பதினாறு வயசுப் பையன் ஒருவன் வலது பக்கம் ஆடுகிறான், முட்டியை என்ன மாதிரி மடக்குகிறான். பாப்பா டிவி ரிமோட்டை ஒளித்து வைத்திருக்கிறாள். பரணில்தான் இருக்க வேண்டும்