வழக்குரை காதையை நடத்தும்போது

பொழிப்புரையை முதலில் சொல்லிவிட்டால் பிளஸ் டூ மாணவர்கள் பாட்டைப் பார்க்கவே மாட்டார்கள். உரையை மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுவார்கள். எனவே, கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் சிலப்பதிகாரத்தின் இந்த 20ஆம் காதையை நாடகமாகவே தொடங்குங்கள். கண்ணகி, பாண்டியன், வாயிலோன், கோப்பெருந்தேவி என நான்கு பேர். முதல் வாசிப்பு, பொருள் சொல்லாமல், சந்தி பிரித்து, உரக்க. 'வாயிலோயே வாயிலோயே' என்பதை இழுத்து வாசித்தால் சினம் போய்விடும், வேகம் வேண்டும்.

அடுத்து, பேச்சு கைமாறும் இடங்களில் பென்சிலால் கோடு. கண்ணகியின் 'மணியுடை அரியே', பாண்டியனின் 'முத்துடை அரியே' இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். சிலம்புக்குள் ஒலிக்கும் பரலை, அதாவது உள்ளே இடும் கற்களைப் பற்றிய பேச்சு இது என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். வழக்கு இங்கேயே முடிந்துவிட்டதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அந்தச் சில நிமிட மௌனத்தைப் பொறுக்காமல் விடையைச் சொல்லிவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய கெடுதல் என்பேன்.

மெரினாவில் 1968இல் நிறுவப்பட்ட கண்ணகி சிலை சென்னைப் பிள்ளைகளுக்குத் தெரியும். கையில் ஏன் ஒற்றைச் சிலம்பு என்று கேளுங்கள். பதிலுக்குச் சான்றாக ஓர் அடியையாவது காட்டச் சொல்லுங்கள்.

நேரமில்லை என்று தேவியின் கனாவை மட்டும் வெட்டாதீர்கள். செங்கோலும் வெண்குடையும் வீழ்வதை அங்கே கேட்காதவர்களுக்கு மன்னன் விழுவது திடீரென்று நடந்ததாகத் தோன்றும்.