ஒரு வால்வுக்காக ஆயிரம் லீற்றர்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு மேல்தாங்கியிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து பூட்டும் கேட் வால்வு ஒரு மாதமாகச் சொட்டியது. பைப் வேலை பார்க்கும் பாஸ் "நாளைக்கு வாறன்" என்று மூன்று வாரம் கடத்திவிட்டார். சரி, நானே மாற்றுவோம் என்று ஒரு ஞாயிறு காலை ஏறினேன்.

வால்வைப் பூட்டப் பார்த்தால் கைபிடி சும்மா சுற்றுகிறது, உள்ளே தகடு இறங்கவில்லை. வருடக்கணக்காகத் திறந்தே கிடந்தால் அப்படித்தான். முழுத் தாங்கியையும் காலி செய்வதைத் தவிர வழியில்லை. வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். அப்புறம்தான் கடைக்குப் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சாமான் கைக்கு வந்த பிறகு தண்ணீரைத் திறவுங்கள்.

ஞாயிறு என்பதால் டவுனில் நான் போன கடை பூட்டு. காத்தான்குடிக்கு ஓடினேன். "தாங்கிக்கு எல்லாரும் இதத்தான் தம்பி கொண்டு போற" என்று கடைக்காரர் 32 மில்லிமீற்றர் வால்வை நீட்டினார். நானும் தலையாட்டினேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் எங்களது 40. மறுபடியும் காத்தான்குடி! இம்முறை பழைய பைப்பில் ஒரு துண்டை அறுத்துக் கையோடு கொண்டுபோனேன். யூனியன், அதாவது கழற்றிப் பூட்டும் இணைப்பு, வைத்த 'போல்' வால்வாக (உள்ளே பந்து சுற்றித் திறக்கும் வகை) வாங்கினேன். அடுத்த முறை பைப்பை அறுக்காமல் கழற்றலாம்.

தாங்கியில் தண்ணீர் வெளியேறும் வாசலுக்குக் கீழே நிற்பது தானாக இறங்காது. தாங்கிக்குள் தலையை விட்டு, பாதியாக வெட்டிய போத்தலால் அள்ளினேன். எங்கள் கிணற்று இரும்புக் காவி, பாயாசப் பதத்தில், முழங்கை வரை ஒட்டியது.

வெட்டி ஒட்டியது பத்து நிமிட வேலை. பசை காய நாலைந்து மணித்தியாலம் விட்டு, பின்னேரம் மோட்டரைப் போட்டேன். கரண்ட் போனது. எட்டு மணிக்குத்தான் வந்தது.

தாங்கி நிரம்பியும் குளியலறைக் குழாய் புஸ் என்றதோடு சரி. பைப்புக்குள் காற்று. லண்டனில் மச்சான் வீட்டு ஹீட்டர் ரேடியேட்டரிலும் இதே தொல்லையாம். அங்கே காற்றை விட ஒரு குட்டிச் சாவி உண்டாம். எனக்கு ஹோஸ்தான். மோட்டர் லைனில் இருக்கும் முற்றத்துக் குழாயையும் குளியலறைக் குழாயையும் அதால் இணைத்து, இரண்டையும் திறந்து, மோட்டரைப் போட்டுத் தண்ணீரைப் பின்பக்கமாகத் தள்ளினேன். மேலே தாங்கிக்குள் குபுகுபு என்று காற்று வெளியேறியது.

முதலில் காவி, பிறகு தெளிந்த தண்ணீர். காலையிலிருந்து காத்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, "மறுகா என்ன மகன், குளிக்கலாந்தானே?" என்றார்.