யானையிறவு வெறும் பெயராக இருந்தபோது

மறுபடியும் முதன்முதலாக வாசிக்க ஆசைப்படும் புத்தகம் எது என்று நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் கேட்டிருக்கிறார்கள். எழுபதுகளில் நம் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப்பேராவது பொன்னியின் செல்வன் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் நந்தினி யார், ஊமை ராணி யார் என்ற முடிச்சுகளை மறந்துவிட்டு மீண்டும் அவிழ்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. முடிச்சுகள் தெரிந்த பின்னும் அந்த நாவல் அலுக்கவில்லை. அதை வாசித்த பிறகு போரில் நம் ஊர்களுக்கு நடந்தவற்றைத்தான் சில நாட்களுக்காவது மறந்துவிட்டு அந்தப் பக்கங்களைத் திறக்க விரும்புகிறேன்.

கல்கி இதழில் 1950 ஒக்டோபரிலிருந்து 1954 வரை அது தொடராக வந்தது. அந்தப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, தடித்த மட்டை போட்டுக் கட்டி வைத்திருந்த வீடுகள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பல இருந்தன. எங்கள் கைக்கு வந்ததும் அப்படியொரு கட்டுத்தான். தைத்தவர் நூலை உள்ளே தள்ளி இழுத்திருந்ததால், இடப்பக்கத்து வரிகளின் கடைசிச் சொற்கள் மடிப்புக்குள் போய்விட்டிருந்தன. பெருவிரலால் அழுத்திப் பிரித்தால்தான் அவற்றை வாசிக்கலாம். மணியம் வரைந்த ஓவியங்கள் மங்கியிருந்தன; குந்தவையின் கண்களுக்கு யாரோ பென்சிலால் மை தீட்டியிருந்தார்கள். கட்டு ஒன்று, காத்திருப்பவர்கள் பலர். மூன்றாம் பாகம் யார் வீட்டில் நிற்கிறது என்பதுதான் இடைவேளைகளில் எங்கள் பெரிய விசாரணை.

எங்களைக் கட்டிப்போட்டது இரண்டாம் பாகம், சுழற்காற்று. கோடிக்கரையில் பூங்குழலியின் படகில் ஏறும் வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிறான். பூதத் தீவு, மாதோட்டம், அநுராதபுரம் என்று கதை நகர்ந்து வந்து, திடீரென்று தொண்டைமானாற்றில் நிற்கிறது! எங்கள் வகுப்பில் சிலர் தினமும் பஸ்ஸில் கடந்து வரும் தொண்டைமானாறு. சன்னதிக்குக் காவடி எடுத்துப் போகும் தொண்டைமானாறு. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எங்கள் ஆற்றின் முகத்துவாரத்தில் சோழர் காலத்துக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஒரு சனிக்கிழமை சைக்கிள்களில் அங்கே போனோம். பாலத்தில் நின்றுகொண்டு, கப்பல் எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று வெயில் சாயும்வரை வாதாடினோம். தன் ஊரின் பெயரை ஒரு பெரிய கதைக்குள் காணும் பிள்ளைக்கு அந்த ஊர் ஒரு முழம் உயர்ந்துவிடுகிறது. பாடப்புத்தகங்கள் எங்களுக்கு அதைத் தந்ததில்லை.

அதே பாகத்தில் யானையிறவுத் துறையும் வருகிறது. அன்று யானையிறவு என்றால் எங்களுக்கு உப்பளம். யாழ்தேவி ரயிலின் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் விரியும் கடல்நீர், முகத்தில் அடிக்கும் உப்புக்காற்று. கல்கி சொன்னபின் அங்கே யானைகளும் சேர்ந்துகொண்டன. அதற்குப் பின் அங்கிருந்த இராணுவ முகாமுக்காகப் போர் மூண்ட 1991 வந்தது, அந்த முகாம் வீழ்ந்த 2000 வந்தது. இன்று அந்தப் பெயர் கண்ணில் பட்டவுடன் மனம் கதையை விட்டு வெளியே வந்து நிற்கிறது. இளவரசரின் யானை மிரண்டு ஓடுகிறது. எனக்கோ வானொலிச் செய்தி கேட்கிறது. இது கல்கியின் குறையல்ல.

அடுத்த புத்தகம் நம் ஈழத்து எழுத்தாளர் செங்கை ஆழியானின் வாடைக்காற்று. அந்த நாவல் 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். நம் எழுத்தாளர்களின் நாவல்கள் மலிவு விலையில் கடைகளுக்கு வந்தன. இன்றுவரை அந்தப் பதிப்புகளுக்கு நான் நன்றியுடையவன். வாடை பெயர்ந்ததும் நெடுந்தீவில் வந்து வாடி என்னும் தற்காலிகக் குடிசை போடும் மீனவர்களின் கதை அது. நாகம்மாவும் செமியோனும் பேசிய பேச்சு எங்கள் வீட்டுக் குசினியில் கேட்கும் பேச்சு. அதை அச்சில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களோ தெரியாது. காற்று மாறினால் தொழில் மாறும், பறவைகள் வரும், மனிதர்கள் வருவார்கள், பிறகு போய்விடுவார்கள். அந்தக் கதையில் கடலுக்குக் காற்றைத் தவிர வேறு அதிகாரி இல்லை. பின்னாளில் கடலில் இறங்குவதற்குப் பாஸ் வேண்டும், இத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்ற நிலை வந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

இன்னொரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லத் தயங்கினேன், சொல்லியே விடுகிறேன். சோவியத் நாட்டிலிருந்து மலிவாக வந்த தமிழ் நூல்களில் ஒன்று, பொரிஸ் பொலெவோயின் உண்மை மனிதனின் கதை. 1942இல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி அலெக்சி, நொறுங்கிய கால்களோடு பனிக்காட்டில் பதினெட்டு நாட்கள் ஊர்ந்து வருகிறான். இரண்டு கால்களையும் வெட்டி எடுக்கிறார்கள். பொய்க்கால்களோடு நடக்கப் பழகுகிறான், நடனமாடுகிறான், மறுபடியும் விமானம் ஓட்டுகிறான். உயர்தர வகுப்பில் என்னோடு போட்டி போட்டு அதை வாசித்த நண்பன் ஒருவன் இருந்தான். எங்களுக்கு அது தூரதேசத்து வீரக்கதை. நடன அத்தியாயத்தை அவன் மேசைமேல் ஏறி நின்று உரக்க வாசித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின் ஊருக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். மிதிவெடியில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து ஜெய்ப்பூர் காலின் பட்டியை அவிழ்த்து, பருத்தி உறையைக் கழற்றி, உராய்ந்து சிவந்திருந்த இடத்தில் எண்ணெய் தடவினான். நான் வேறு கதை பேசப் பார்த்தேன். அவன்தான் அலெக்சியைப் பேச்சுக்குள் இழுத்தான். ஆடி முடித்தபிறகு அலெக்சிக்கு இருந்த நோவை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அப்போது நாங்கள் அந்த வரிகளைத் தாண்டி ஓடிவிட்டோம் என்றான்.

அவன் சொன்னது உண்மை. இரண்டாம் வாசிப்பில்தான் அந்த வரிகள் புரிகின்றன. ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், அவன் மேசைமேல் நின்று வாசித்த அந்தப் பிற்பகலைத்தான் நான் கேட்பேன்.

அந்த நூலை நாங்கள் இரவல் எடுத்தது யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்து. 1981இல் எரிக்கப்பட்ட ஏறத்தாழ 97,000 நூல்களோடு அதுவும் போயிருக்கும்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக்குக் கணினிகள் அனுப்பினோம், பரீட்சை வழிகாட்டிகள் அனுப்பினோம். இவ்வருடம் கதைப் புத்தகங்கள் அனுப்புவோம். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பின் பிறந்தவர்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். ஆனாலும் அவர்கள் கண்ணால் கண்ட யானையிறவு உப்பளமும் ரயிலும்தான். நாம் வாசித்ததைப் போல வாசிக்க அவர்களால் முடியும். சுருக்கப் பதிப்பு வேண்டாம். கதையை முன்னுரையிலேயே கொட்டிவிடும் பதிப்பும் வேண்டாம். வாடைக்காற்றில் பத்துப் பிரதிகளாவது போகட்டும். பொன்னியின் செல்வனில் ஐந்து பாகங்களும் இரண்டிரண்டு பிரதிகளாக வேண்டும்: மூன்றாம் பாகம் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டில்தான் நிற்கும்.