மஞ்சக்குப்பத்தில் ஒரு அமெரிக்கப் போர்

மஞ்சக்குப்பம் விடுதியில் கேரம் போர்டைப் பிடிக்க எப்போதும் அடிதடிதான். எங்கள் இருவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து தங்கிப் படித்த என் வகுப்புத் தோழனுக்கு, கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா ஒரு பெட்டி வாங்கி வந்து கொடுத்திருந்தார். ‘எ ஹவுஸ் டிவைடட்’. ஃபிராங்க் சாட்விக் வடிவமைத்து 1981ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் மொத்தமும் ஒரு பலகைக்குள்.

பலகையில் ஊர்கள் கட்டங்களாக இருக்கும். சாலை, ரயில் பாதை, ஆறு எல்லாம் அவற்றை இணைக்கும் கோடுகள். ஒரு முறைக்கு எத்தனை நகர்வு என்பதைப் பகடைதான் சொல்லும். அதுதான் கொடுமை. நாலு பக்கமும் எதிரி நெருங்கும்போது பார்த்து ஒன்று விழும். புதிதாய்ச் சேர்ந்த படை சண்டையில் தேறினால் தரம் உயரும். அப்படித் தேறிய அட்டை வில்லையை இழக்கும்போது வயிறு எரியும்.

அவனுக்கு எப்போதும் தெற்குதான் வேண்டும். தளபதி லீ என்றால் உயிர். வடக்கின் தலைநகர் வாஷிங்டனுக்கும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்கும் கிட்டத்தட்ட சென்னை–புதுச்சேரி தூரம்தான். அவன் கண் அந்த இரண்டு தலைநகரங்களை விட்டு நகராது. நான் அங்கே அடி வாங்கிக்கொண்டே மேற்கே மிசிசிப்பியில் இறங்குவேன். மெம்ஃபிஸ், விக்ஸ்பர்க், நியூ ஆர்லியன்ஸ். ஆறு கைக்கு வந்தால் தெற்கு இரண்டாகப் பிளந்துவிடும். நிஜத்திலும் அதுதான் நடந்தது. கெட்டிஸ்பர்க் சண்டையில் லீ தோற்ற மறுநாள், 1863 ஜூலை 4ல், விக்ஸ்பர்க் வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது. எல்லோரும் கெட்டிஸ்பர்க்கைத்தான் பேசுவார்கள். எனக்கு விக்ஸ்பர்க்தான் பெரிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாற்று ஆசிரியர் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பலகையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“ஏம்பா, இதுல அடிமைங்க எங்க இருக்காங்க?”

வடக்கின் நீலம், தெற்கின் சாம்பல் என்று வில்லைகளைப் புரட்டினோம். காலாட்படை, குதிரைப்படை, அவ்வளவுதான். போர் தொடங்கியபோது அங்கே சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்ததையும், சண்டைக்கு மூலமே அதுதான் என்பதையும், பிறகு சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கின் படையில் சேர்ந்ததையும் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். லீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு என் நண்பன் வடக்கைக் கேட்டான். நான் விடுவேனா?

அவன் இப்போது டொராண்டோவில். பெட்டி எப்படியோ என்னிடம் தங்கிவிட்டது. வரும் ஒன்றுகூடலுக்கு எடுத்து வருகிறேன். சில வில்லைகள் தொலைந்திருக்கின்றன. சட்டைப் பொத்தானை வைத்து ஆடிக்கொள்ளலாம். வடக்கு யாருக்கு என்பதை அங்கே வந்து பேசிக்கொள்வோம்.