சுண்டுவிரல் எட்டும்

வியாசர்பாடியில் என்னிடம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகள் பலரும் சொல்வது: "அண்ணா, என் கை சின்னது, நாலு ஃபிரெட் எட்டாது." (ஃபிரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை; அதற்கு முன்னுள்ள இடைவெளிதான் கட்டம்.)

எட்டும். ஆனால் முதல் ஃபிரெட்டில் தொடங்க வேண்டாம். 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் கட்டம் சுமார் 36 மி.மீ.; 12-வது ஃபிரெட்டைத் தாண்டினால் அதில் பாதிதான். அதனால் 7-வதில் பழகிவிட்டு, ஒவ்வொன்றாகத் தலைப்பக்கம் நகருங்கள்.

அப்புறம் கட்டைவிரல். அது கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் சுண்டுவிரல் நீளவே நீளாது. கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேராக இறக்கி வையுங்கள். உள்ளங்கை தானாக விரியும். மணிக்கட்டு ரொம்ப மடங்காமல் இருக்க, கிட்டாரின் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். விரல் லேசாக இழுப்பது சரி. மணிக்கட்டில் வலித்தால் உடனே நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகள் கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டுப் பழகினாலும் தப்பே இல்லை.