வெறுங்கால் டாக்டர்: ஒரு ஹவுஸ் சர்ஜனின் நாட்குறிப்பு

ஜூலை 20, 2025, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு நைட் டூட்டி முடித்து ஹாஸ்டலுக்கு வந்தால் போனில் எங்கள் ஸ்கூல் ஃபுட்பால் மாஸ்டரின் ஏழு மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டேன். விஷயம் ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி பழைய பையன்களுக்கும் இப்போது ஆடும் பையன்களுக்கும் மேட்ச் வைத்திருக்கிறாராம். “நீ லெஃப்ட் பேக். டூட்டி கீட்டின்னு கதை சொல்லாதே” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் கடைசியாக ஒழுங்காக ஆடியது பிளஸ் ஒன்னில். பிளஸ் டூ தொடங்கியதும் அப்பா பூட்ஸைப் பரணில் ஏற்றினார். நீட் முடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம் என்றார். நீட் முடிந்தது, சீட் கிடைத்தது, ஐந்து வருடமும் ஓடிவிட்டது. பூட்ஸ் பரணிலேயே இருக்கிறது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்கூல் குரூப்பில் விஷயம் பரவி, ஒருவன் சாக்ரடீஸ் படத்தைப் போட்டுவிட்டான். தத்துவஞானி இல்லை, தாடியும் தலைப்பட்டையுமாக நிற்கும் பிரேசில் கால்பந்து கேப்டன். “டப்ளின்ல டாக்டருக்குப் படிச்சுக்கிட்டே அங்க காலேஜ் டீம்ல ஆடுனவர். உனக்கு என்னடா?” என்று கீழே ஒரு வரி.

டப்ளின் கதை உலகமெல்லாம் சுற்றும் கட்டுக்கதை. அவர் படித்தது பிரேசிலில், ரிபெய்ரோ பிரெட்டோ ஊரில் இருக்கும் சாவோ பாலோ பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில். ஆடியதும் அதே ஊரின் பொட்டாஃபோகோ அணிக்குத்தான். வகுப்பு இருக்கிறது என்று பயிற்சிக்கு வராமல் மேட்ச் அன்று மட்டும் வந்து நிற்பாராம்; அணியும் விட்டிருக்கிறது. படிப்பை முடித்தபிறகுதான், 1978-இல், 24 வயதில், கொரிந்தியன்ஸ் என்ற பெரிய அணிக்குப் போனார். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் கேப்டன். மொத்தம் 60 சர்வதேச ஆட்டங்கள், 22 கோல்.

ஆக, “ஒரே சமயத்தில் இரண்டையும் செய்தார்” என்பது பாதி உண்மை. முதலில் பந்து படிப்புக்காகக் காத்திருந்தது. அப்புறம் படித்த வைத்தியம், அவர் ஆடி ஓயும்வரை காத்திருந்தது. நடுவில் வரவில்லை என்றாலும் சரி என்று சொல்ல ஓர் அணி இருந்தது. எங்கள் யூனிட் சீஃபிடம் அப்படி ஒரு வார்த்தை வாங்க முடியுமா என்று யோசித்தேன். சிரிப்பு வந்தது.

இன்னொன்று. மனிதர் டாக்டராக இருந்தும் சிகரெட்டை விடவில்லை, குடியையும் விடவில்லை. 2011 டிசம்பர் 4-ஆம் தேதி குடல் தொற்று ரத்தத்தில் பரவி, செப்டிக் ஷாக்கில் இறந்தார். வயது 57. ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கொரிந்தியன்ஸ் கோப்பை வெல்லும் நாளில் சாக வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தாராம். அன்று ஞாயிறு. அன்று மாலையே கொரிந்தியன்ஸ் சாம்பியன் ஆனது.

ஜூலை 26, சனி

எலும்புப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் ஆர்த்தோ பி.ஜி. ஒருவர் நாகாலாந்துக்காரர். கேஷுவாலிட்டியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தபோது சாக்ரடீஸ் பேச்சை எடுத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எதற்கு பிரேசில் வரைக்கும் போகிறாய், சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து கேப்டனே எங்கள் ஊர் டாக்டர்தானே என்றார். எனக்குத் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

தாலிமெரென் ஆவ். எல்லோருக்கும் டாக்டர் டி. ஆவ். 1918-இல் நாகா மலையில் சாங்கி என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா ஒரு போதகர். மகன் டாக்டராகி நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1935-இல் டைஃபாய்டில் போய்விட்டார். மகனுக்கு 17 வயது. அதன்பின் குவஹாத்தியில் காட்டன் கல்லூரி, பிறகு கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி. கல்கத்தாவில் அப்போது கால்பந்து என்றால் மோகன் பகான் அணி. அங்கே தடுப்பு ஆட்டக்காரராகச் சேர்ந்து கேப்டனாகவும் ஆனார். பகலில் அனாட்டமி, மாலையில் மைதானம்.

1942-இல் சேர்ந்தவர் எம்.பி.பி.எஸ். முடித்தது 1950-இல். எட்டு வருடம்! இதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசானது. ஊரிலிருந்து போன் வரும்போதெல்லாம் “இன்னும் முடியலையா தம்பி?” என்று கேட்டிருப்பார்கள் அல்லவா? எங்கள் சித்தப்பா ஐந்தரை வருடத்துக்கே கேட்கிறார். நடுவில் 1943-இல் வங்காளப் பஞ்சம், 1944-இல் சொந்த மலையிலேயே, கோஹிமாவில், ஜப்பானியருடன் பெரிய போர். அதற்குள் இருந்துகொண்டு ஒருவர் இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறார்.

ஜூலை 31, வியாழன்

இன்றோடு 77 வருடம். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக், இல்ஃபோர்ட் மைதானம், இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் ஆட்டம். இரண்டு நாள் முன்னால் வெம்ப்ளியில் தொடக்க விழா. இந்தியக் கொடியைப் பிடித்துப் போனவர் ஆவ். சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் கொடி, கல்கத்தாவில் முடியாத படிப்பு.

நம் ஆட்கள் பெரும்பாலோர் வெறுங்காலில் இறங்கினார்கள். பிரான்ஸ் முதல் கோல் போட்டது. 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் திருப்பிப் போட்டார். பெயரைப் பார்த்ததும் பக்கத்துத் தெரு அண்ணன் போலிருந்தது, மைசூருக்கு ஆடியவர். இடையில் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். 89-ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்று. 2-1, முடிந்தது.

ஏன் பூட்ஸ் இல்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால் என்று ஆவ் சொன்னதாக ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். நல்ல பதில்தான். ஆனால் அந்த இரண்டு பெனால்டியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் படித்த கல்லூரிக்கு அதே 1948-இல்தான் ஆர்.ஜி. கர் என்று பெயர் மாறியது. சேர்ந்தது ஒரு பெயருள்ள கல்லூரியில், முடித்தது வேறு பெயருள்ள கல்லூரியில். 1950-இல் டிகிரி வாங்கியதும் பெரிய ஆட்டத்தை விட்டுவிட்டார். முதலில் திப்ரூகரில் காது மூக்கு தொண்டைப் பிரிவு, பிறகு கோஹிமாவில் அசிஸ்டன்ட் சிவில் சர்ஜன், கடைசியில் நாகாலாந்தின் சுகாதார இயக்குநர். 1978-இல் ஓய்வு, 1998-இல் மறைவு. ஒலிம்பிக் ஆடிய இரண்டே வருடத்தில் பந்தை வைத்துவிட்டு, அப்பா ஆசைப்பட்ட மலைக்கே போய்விட்டார். அதற்கு வருத்தப்பட்டாரா என்று பி.ஜி.யிடம் கேட்டேன். “மலையில் அப்போது எத்தனை டாக்டர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கண் வார்டில் போஸ்டிங். விழித்திரை விலகிய கேஸ் ஒன்று. உடனே பிரேசில் ஆட்டக்காரர் டோஸ்டாவ் ஞாபகம். 1969-இல் பந்து முகத்தில் பட்டு இடது கண் விழித்திரை விலக, ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை; அடுத்த வருடமே பெலேயுடன் சேர்ந்து உலகக் கோப்பை. 1973-இல் அதே கண் மறுபடியும் தகராறு செய்ய, 26 வயதில் ஆட்டத்துக்கு முழுக்கு. அப்புறம் மருத்துவக் கல்லூரியில் மாணவனாகப் போய் உட்கார்ந்து, டாக்டராகி, பேராசிரியரும் ஆனார். உலகக் கோப்பை வென்றவன் முதல் வருடப் பையன்களோடு டிசெக்‌ஷன் டேபிள் முன்னால் நிற்கும் காட்சியை இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாடியா நதீமையும் சொல்லாவிட்டால் என் தங்கை விடமாட்டாள். ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் அப்பாவைக் கொன்றபின் தப்பி டென்மார்க் வந்த பெண். அகதி முகாமில் பந்தைப் பிடித்து, டென்மார்க் தேசிய அணிவரை போய், 2017 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்டார். ஆடிக்கொண்டே ஆர்ஹுஸில் படித்து 2022-இல் டாக்டரும் ஆகிவிட்டார். இவரிடம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்திருக்கின்றன. பொறாமையாக இருக்கிறது, மறைப்பானேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மாவே பூட்ஸைப் பரணிலிருந்து இறக்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். இத்தனை வருடச் சூட்டில் பசை காய்ந்து போயிருந்தது தெரியாமல் மாட்டிக்கொண்டு இறங்கினேன். இருபதாவது நிமிடம் வலது சோல் வாயைப் பிளந்தது. மாற்ற ஆளில்லை. மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று, “கழட்டிப் போட்டுட்டு ஆடுடா!” என்று கத்தினார்.

கழற்றிப் போட்டேன். முதல் ஐந்து நிமிடம் பந்து காலில் ஒட்டிக்கொண்டு வந்தது; தொட்டால் எங்கே போகும் என்று விரலுக்கே தெரிந்தது. ஆறாவது நிமிடம் எதிர்ப்பையன் ஸ்டட்ஸோடு மிதித்தான். இல்ஃபோர்டில் தொண்ணூறு நிமிடம் எப்படி நின்றார்களோ! அப்புறம் கோல் கிக்குக்காக பின்னால் ஓடும்போது துருப்பிடித்த ஆணி ஒன்று குதிகாலில் ஏறியது. 4-1 தோல்வி. ஒரு கோலுக்கு நான்தான் காரணம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நானே கழுவி, நானே டிரெஸ்ஸிங் போட்டேன். டிடி ஊசிக்கு மட்டும் சிஸ்டரிடம் கையை நீட்டினேன். “ஆடினது நீங்களா தம்பி, இல்ல உங்களை வெச்சு ஆடுனாங்களா?” என்றார்.

பூட்ஸைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். எண்பது ரூபாய், வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு டூட்டியை மாற்றிக்கொள்ள ஒருவன் சம்மதித்திருக்கிறான். பதிலுக்கு அவனுடைய இரண்டு நைட் என் தலையில்.