ரோஜா இலை மஞ்சளானபோது மண்ணைச் சோதித்தேன்

இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் எனக்கு மனசு கேட்காது. என் ரோஜாச் செடிக்கு அப்படித்தான் ஆனது. உரம் போட்டும் மாறவில்லை. சரி, மண்ணையே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

செடியைச் சுற்றி ஐந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, நிழலில் உலர்த்திக் கலந்தேன். ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டதும் சுர்ரென்று நுரை பொங்கியது! காதருகே கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்டது. மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, அதாவது காரத்தன்மை. அமில மண்ணைக் கண்டுபிடிக்க ஈர மண்ணில் சமையல் சோடா தூவுவார்கள். லேசான அமிலத்துக்கு நுரையே தெரியாது என்பதால் அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எண் வேண்டுமென்றால், அமிலமா காரமா என்பதை எண்ணாகக் காட்டும் பிஎச் தாள்தான். ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரில் தாளை நனைத்தேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் தன்மையும் கணக்கில் சேர்ந்துவிடும். தாள் 8-ஐக் காட்டியது. ரோஜா விரும்புவது 6 முதல் 6.5 வரை. இந்த அளவில் ஒரு எண் கூடினால் அமிலம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் இலை மஞ்சளாவது அமிலம் இப்படிக் குறைவதால்தான்.

இப்போது கந்தகத் தூள் கொஞ்சம் கலந்திருக்கிறேன். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் அதே ஐந்து இடங்களில் மறுபடி மண் எடுப்பேன்.